குறைந்தது என்றால் கூடுதல்: பிளேனோவில் ஏழாம் வகுப்புக் கணக்கு

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் பிளேனோ நகருக்குக் குடிபெயர்ந்தோம். கணவருக்கு இங்கே வேலை செய்வதற்கான எச்1பி விசா. எனக்கு எச்4, அதாவது வேலைக்குப் போக அனுமதியில்லாமல் வீட்டிலிருக்கும் விசா. உறையூரில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்கு டியூஷன் எடுத்தவள் நான் என்பதால், மகளை இங்கே ஏழாம் வகுப்பில் சேர்த்தபோது குளிர், உச்சரிப்பு, மதிய உணவு என்று எதையெதையோ நினைத்துக் கவலைப்பட்டேனே தவிர, கணக்கைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஜனவரியில் பள்ளியில் வைத்த மாதிரித் தேர்வில் அவள் பாதிக்கும் குறைவாக வாங்கி வந்தாள்.

வினாத்தாளை வாங்கிப் பார்த்தால் எல்லாம் விகிதம், சதவீதம், தனிவட்டி, பரப்பளவு. கூட்டல் கழித்தலில் அவள் எங்கும் தவறவில்லை. கணக்குக்கு முன்னால் நான்கு வரியில் சொல்லப்பட்டிருந்த கதையில்தான் தவறியிருந்தாள்.

டெக்சஸில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஒவ்வொரு வசந்த காலத்திலும் 'ஸ்டார்' என்னும் மாநிலத் தேர்வை எழுதுகிறார்கள். 2012இல் வந்த இத்தேர்வு 2023இல் மாற்றியமைக்கப்பட்டு முழுவதும் கணினிக்குப் போய்விட்டது. நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்விகள் முக்கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதியும் வந்துவிட்டதால், மீதியில் பிள்ளை தானே விடையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும், அல்லது சமன்பாட்டின் துண்டுகளை இழுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். ஏழாம் வகுப்புக்குக் கால்குலேட்டர் கிடையாது. சூத்திரங்களும் அளவை மாற்றங்களும் அச்சிட்ட ஒரு தாள் மட்டும் உண்டு. பொதுத்தேர்வு என்றால் பத்தாம் வகுப்பு என்று பழகிய எனக்கு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்ற எரிச்சல் இருந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பழைய வினாத்தாள்களை மாநிலக் கல்வித்துறையே இலவசமாக வெளியிட்டிருந்தது, எனக்கும் மாலைப்பொழுதுகள் வெறுமையாகவே கிடந்தன. எனவே தினமும் ஆறு கணக்கு என்று உட்கார்ந்தோம்.

முதலில் இடறியது காசுகள். 25 சென்ட் குவார்ட்டர், 10 சென்ட் டைம், 5 சென்ட் நிக்கல் என்று மனப்பாடம் செய்துவிடலாம்தான். ஆனால் நிக்கலைக் கையில் எடுத்தால் 'ஐந்து சென்ட்' என்று அதிலேயே எழுதியிருக்கிறது. டைமிலோ 'ஒரு டைம்' என்று மட்டுமே இருக்கிறது, எத்தனை சென்ட் என்ற சொல்லே இல்லை. போதாக்குறைக்கு மதிப்பில் இரு மடங்கான டைம், நிக்கலைவிட அளவில் சிறியது. இங்கே பிறந்த பிள்ளைக்கு உண்டியலைக் குலுக்கியே தெரிந்துவிடும் இந்தச் செய்தியைக் கேள்வித்தாள் எங்கும் சொல்வதில்லை. ஒரு கைப்பிடி சில்லறையை மேசையில் கொட்டிப் பழகினோம்.

வரியும் அப்படித்தான். நம் ஊரில் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட அதிகபட்ச விலைக்குள்ளேயே எல்லா வரிகளும் அடக்கம். இங்கே அலமாரியில் ஒரு விலையும் கல்லாவில் வேறொரு விலையும் இருக்கும். பிளேனோவில் விற்பனை வரி 8.25 சதவீதம், அதில் 6.25 மாநிலத்துக்கு. 24 டாலர் தொப்பிக்கு 25 சதவீதத் தள்ளுபடி போக என்ன கொடுக்க வேண்டும் என்ற கணக்கில் என் மகள் 18 என்று எழுதி நிறுத்தியிருந்தாள். கடைசி வரியில் வரி வீதம் இருந்தது. அதை ஏதோ கூடுதல் தகவல் என்று நினைத்துவிட்டாள். 18க்கு வரி 1 டாலர் 49 சென்ட் சேர்ந்து 19.49 என்பதே விடை. அதன்பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் ரசீதை அவளிடமே கொடுத்துவிடுவேன். அரிசிக்கும் பாலுக்கும் வரியில்லை, சோப்புக்கு உண்டு என்பதை அவள்தான் எனக்குக் கண்டுபிடித்துச் சொன்னாள். உணவகத்தில் அந்த வரியை இரண்டால் பெருக்கினால் பதினாறரை சதவீதம் வருமென்பதால் டிப்ஸுக்கு ஏறக்குறைய அதையே வைத்துவிடலாம் என்பதும் அவளுடைய கண்டுபிடிப்புதான்.

இவையெல்லாம் வாரக் கணக்கில் சரியாகிவிட்டன. மொழிதான் மாதக் கணக்கில் இழுத்தது. இத்தனைக்கும் அவள் ஆங்கில வழியில் படித்தவள். 'ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்' என்று வந்தால், காதில் விழுந்த வரிசையிலேயே ஐந்தை முதலில் எழுதி அதிலிருந்து x-ஐக் கழித்துவிடுவாள். ஒரு நாள் பொறுமையிழந்து, அதைத் தமிழில் சொல்லடி என்றேன். 'ஓர் எண்ணைவிட ஐந்து குறைவு' என்றாள். சொன்னவள் தானே நிறுத்தி x − 5 என்று எழுதினாள். தமிழ் வாக்கியத்தில் எண் முன்னால் நிற்கிறது, ஐந்து அடுத்து வருகிறது, குறைத்தல் கடைசியில் வருகிறது. நாம் செய்கிற வரிசையும் அதுவே. டியூஷனில் இத்தனை ஆண்டுகள் ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டோமே என்று அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுத்துவிடவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்குக் குறைந்தது 150 டாலர் திரட்ட வேண்டும், கையில் 45 டாலர் இருக்கிறது, ஒரு கார் கழுவினால் 7 டாலர் கிடைக்கும், எத்தனை கார் கழுவ வேண்டும் என்று ஒரு கணக்கு. பள்ளிப் பிள்ளைகள் ஏன் ஊரார் காரைக் கழுவ வேண்டும் என்பதற்கு ஒரு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், 'குறைந்தது' என்பதில் குறை இருக்கிறதே என்று குறைவுக் குறியைப் போட்டுவிட்டாள். அதிகபட்சம் என்று வந்தால் அதிகக் குறி. இரண்டும் நேர் எதிர். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் உண்டு என்பதால் இதில் இரு மொழிகளையும் குறை சொல்லிப் பயனில்லை. 14 கார் கழுவினால் போதுமா, 15 போதுமா, 16 கழுவினால் யாராவது கோபித்துக்கொள்வார்களா என்று எண்களைப் போட்டுப் பார்த்த பிறகுதான், பதினைந்தும் அதற்கு மேலும் என்ற குறி அவள் கையில் நின்றது.

மார்ச் மாதம் அத்தை, அதாவது என் மாமியார், லால்குடியிலிருந்து வந்தார். அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். ஒரு மாலையில் பவுண்டு, அவுன்ஸ் என்று நாங்கள் திணறிக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஒரு பவுண்டுக்கு எத்தனை அவுன்ஸ் என்றார். பதினாறு என்றதும், அப்படியானால் ஓர் அவுன்ஸ் என்பது வீசம்தானே, இதற்கா இவ்வளவு நேரம் என்று சிரித்தார். பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ஓரணாவும் ரூபாயில் வீசம்தான். 5 பவுண்டு முந்திரியை 4 அவுன்ஸ் பொட்டலங்களாகப் போட்டால் எத்தனை என்பது கேள்வி. நான்கு வீசம் கால். ஐந்துக்குள் எத்தனை கால், இருபது. அத்தை பென்சிலைத் தொடவே இல்லை. மாகாணி என்ற சொல் எப்படி வந்தது என்று மகள் துருவியபோது, மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டிப் பார் என்றேன். எண்பதில் ஐந்து என்று கூட்டி, பதினாறில் ஒன்றாகச் சுருக்கியதும் அவள் முகம் மலர்ந்தது. வினாத்தாளுக்கு வெளியே அவள் விரும்பிப் போட்ட முதல் கணக்கு அதுவாகத்தான் இருக்கும்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். விகிதம் என்றாலே குறுக்குப் பெருக்கல் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். விடை சரியாக வருகிறது, ஆனால் ஏன் பெருக்கினாள் என்று சொல்லத் தெரியவில்லை என்று அவளுடைய ஆசிரியை ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. பிறகு பாடநூலைப் புரட்டினால், அவர்கள் வலியுறுத்துவது ஒன்றுக்கு எவ்வளவு என்று முதலில் கண்டுபிடி, அதையே y = kx-இல் k-ஆக வை என்பதைத்தான். நாங்கள் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய ஓரலகு முறை அல்லவா அது? விரைவுக்காக அதை நானே என் மாணவர்களிடமிருந்து பிடுங்கியிருந்தேன்.

ஏப்ரலில் தேர்வு முடிந்தது. கேள்விகளை வெளியே பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் என்பதால் நான் எவ்வளவு கெஞ்சியும் மகள் வாயைத் திறக்கவில்லை. கோடை விடுமுறையில் முடிவு வந்தது. நான்கு நிலைகளில் மேலிருந்து இரண்டாவது.

அதே கோடையில் நான் ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுக்குப் படித்தேன். தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, எதிரே வண்டி 500 அடிக்குள் வந்தால் விளக்கைத் தாழ்த்த வேண்டும் என்று நான் உருப்போட, கையேட்டை வைத்துக்கொண்டு மகள் கேள்வி கேட்டாள். முப்பது கேள்விகள், தேர்ச்சிக்குக் குறைந்தது 70 சதவீதம். குறியைச் சரியாகப் போடம்மா என்று தாளை என் பக்கம் தள்ளினாள். 21 அல்லது அதற்கு மேல் என்று எழுதினேன். அப்படியானால் ஒன்பது வரை தவறலாம் என்றாள். நான் ஏழு தவறினேன்.