ரத்தம் ஏற்றும்போது குளிருதுன்னு சொன்னா சும்மா விடாதீங்க

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6.1. ரத்தம் ஏற்றியே ஆகணும்னு டாக்டர் சொல்லிவிட்டார். கையெழுத்து, வார்டு, கட்டில் எல்லாம் மளமளவென்று முடிந்தது.

முதல் இழுபறி லேபில். பழைய ஆஸ்பத்திரி அட்டையில் அம்மா பெயர் ஒரு மாதிரி, ஐசியில் (அடையாள அட்டையில்) வேறு மாதிரி. தோட்டத்துக் கிராணி (எஸ்டேட் குமாஸ்தா) அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதி வைத்த புண்ணியம். ஓர் எழுத்துதான் வித்தியாசம், சாம்பிளையே திருப்பிவிட்டார்கள். மறுபடி ஊசி, மறுபடி கிராஸ்மேட்ச், அதாவது ஏற்றப்போகும் ரத்தம் அம்மா ரத்தத்தோடு ஒத்துப்போகுமா என்ற சோதனை. அம்மாவுக்கு நரம்பு கிடைப்பதே பெரும்பாடு. எரிச்சல்தான், ஆனால் இதில் லேப்காரர்களைத் திட்ட முடியாது. குரூப் மாறி ஏறினால் ஏற்றிய சிவப்பணு உடம்புக்குள்ளேயே உடைந்து கிட்னியைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. கிளம்பும் முன்பே அட்டையையும் ஐசியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பை வந்ததும் ரெண்டு மிஸி (நர்ஸ்) கட்டிலருகே நின்று, கைப்பட்டை, பையின் சீட்டு, குரூப், காலாவதித் தேதி எல்லாம் ஒத்துப் பார்த்தார்கள். குறையே இல்லை. கோபம் அதற்கப்புறம்தான். முதல் 15 நிமிடம் மெதுவாக விட்டுப் பக்கத்திலேயே கவனிக்க வேண்டும். ஏற்றிவிட்ட மிஸி போனவர்தான்.

அம்மா குளிருது என்றார். போய்ச் சொன்னேன். "மழை பெய்யுதுல்ல, வயசானவங்களுக்கு அப்படித்தான்" என்று ஒரு போர்வை வந்தது. "விடுய்யா, அவங்களுக்கு ஆயிரம் வேலை" என்று அம்மா என்னையே அடக்கினார். ஆனால் கட்டில் கம்பியில் லூசாக இருந்த ஒரு திருகாணி கடகடவென்று ஆடியது. அவர் உடம்பு அந்த அளவுக்கு உதறியது. கவுண்டருக்கு ஓடி, "தோலோங் செக் சுஹு, மிஸி" (காய்ச்சல் எவ்வளவுன்னு பாருங்க, மிஸி) என்று மலாயில் சத்தமாகவே கேட்டேன். ஏற்றும் முன் 36.8 டிகிரியாக இருந்த உடல் சூடு இப்போது 38.6.

நல்லவேளை, மூத்த சிஸ்டர் ஒருவர் வந்தார். வந்ததும் ரத்தம் ஏறாதபடி டியூபின் கிளாம்பை மூடினார். பழைய டியூபில் சலைன் விட்டால் அதில் மிச்சமிருக்கும் ரத்தமும் உள்ளே போய்விடும் என்று முழு டியூபையும் கழற்றி, புது செட்டில் சலைன் போட்டார். முதுகு வலிக்கிறதா, மூச்சு திணறுகிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று அம்மாவிடம் கேட்டார். பெயரும் பையும் திரும்ப ஒத்துப் பார்க்கப்பட்டன. பையும் டியூபும் ரத்த வங்கிக்குத் திரும்பின, கூடவே அம்மாவிடம் புதிதாக எடுத்த ரத்த சாம்பிளும் சிறுநீர் சாம்பிளும் சோதனைக்குப் போயின.

குரூப் தப்பில்லை, காய்ச்சல் ரியாக்‌ஷன்தான் என்று வந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் முன்பு ரத்தம் ஏற்றியவர்களுக்கும் அடுத்தவர் வெள்ளையணுவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கலாமாம். அம்மா ஐந்து பெற்றவர். பாராசிட்டமோல் கொடுத்தார்கள். அடுத்து வந்தது வெள்ளையணு வடிகட்டிய பை, பிரச்சினை இல்லாமல் ஏறியது.

பக்கத்துக் கட்டில்காரர் மகன், கடைசி பஸ் போய்விடும் என்று சொட்டு வேகத்தைத் தானே கூட்டப் பார்த்தார். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். வயசானவர்களுக்கும் கிட்னி, இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் வேகமாக ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு பைக்கு 4 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. அரிப்பு, தடிப்பு, நெஞ்சு இறுக்கம் எது வந்தாலும் உடனே கூப்பிடுங்கள். நோயாளி கூச்சப்பட்டால் நீங்கள் கூப்பிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அட்டையில் இந்த ரியாக்‌ஷனைக் குறித்துத் தரச் சொன்னேன். "கம்ப்யூட்டரில் இருக்கு" என்றார் கவுண்டரில் இருந்தவர். அடுத்த தடவை வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் கம்ப்யூட்டரைப் பார்ப்பது? நகராமல் நின்றேன். கடைசியில் டாக்டரே வந்து சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.