ஒன் ஓ’கிளாக் ஜம்ப்: ஆடுவதற்கு எந்த ரெக்கார்டிங்?

ஸ்விங் ஜாஸுக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் நடனக்காரர்களின் பாட்டுப் பட்டியலில் ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ இல்லாமல் போகாது. பெயர்தான் ஒன்று. ஜாஸ் குழுத் தலைவர் கவுண்ட் பேஸி 1937-இல் பதிவு செய்தது, இன்னொரு குழுத் தலைவர் பென்னி குட்மன் 1938-இல் ஸ்டுடியோவில் ஒன்றும் கார்னகி ஹாலில் ஒன்றுமாக வாசித்தது, 1941-இல் ‘மெட்ரோனோம்’ பத்திரிகை திரட்டிய ஆல்-ஸ்டார் குழு, 1942-இல் பேஸியே மறுபடி, 1957-இல் நியூபோர்ட் மேடை என்று வரிசையாகப் போட்டு ஆடிப் பார்த்தால் ஒவ்வொன்றும் காலை ஒவ்வொரு மாதிரி இழுக்கும். உட்கார்ந்து கேட்கும்போது அசத்துகிற சில பதிவுகள் தரையில் இறங்கியதும் பிசுபிசுத்துப் போகின்றன.

முதலில் கணக்கு. இது 12 பார் (தாளக் கட்டம்) கொண்ட சுற்றுகளாக ஓடும் புளூஸ். பாருக்கு நான்கு தட்டு, ஆக ஒரு சுற்றுக்கு 48 தட்டு. நம் ஊர் ஆவர்த்தனம் மாதிரி இந்த 48 திரும்பத் திரும்ப வரும், மேலே வாசிக்கிறவர்தான் மாறுவார். இந்த ஆட்டத்தின் அடிப்படை அசைவான ஸ்விங்-அவுட் 8 தட்டு என்பதால் ஒரு சுற்றில் ஆறு ஸ்விங்-அவுட் அடங்கும். 6 தட்டு அசைவுகள் மட்டும் போட்டால் எட்டு அடங்கும். மூன்று ஸ்விங்-அவுட், அதன்பின் நான்கு 6 தட்டு அசைவுகள் என்று கலந்தாலும் 48 சரியாக முடியும். வழக்கமான 32 பார் பாட்டுகளில் இந்தச் சௌகரியம் கிடையாது. அங்கே 8 பார் பத்திக்குள் (32 தட்டு) 6 தட்டு அசைவுகள் மட்டும் போட்டால் இரண்டு தட்டு மிஞ்சும்.

இதன் மறுபக்கமும் உண்டு. 32 தட்டாக அமைத்த கோர்வைகள் இந்தப் பாட்டில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் (96 தட்டு) சுற்றின் தொடக்கத்தோடு சேரும். ஷிம் ஷாம் என்ற அப்படிப்பட்ட கோர்வை ஆட்டத்தை இதற்கு ஆடிப் பார்த்தால் பிரேக் (நிறுத்தம்) வரவேண்டிய இடத்தில் ட்ரம்பெட் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆடுகிறவர் மீது தப்பில்லை, பாட்டின் அளவே வேறு. ஷிம் ஷாமுக்கு வேறு பாட்டு எடுத்துக்கொள்வதே நல்லது.

வேகம் அளக்க ஆப் எதுவும் வேண்டாம். ஒரு சுற்றை ஸ்டாப்வாட்சில் பிடித்து, 2880-ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வந்துவிடும். 17 விநாடி என்றால் 169, 16 என்றால் 180, 14 என்றால் 206. தொடக்கத்தில் ஒரு சுற்றையும் கடைசிச் சுற்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். அந்தக் காலப் பதிவுகளில் மெட்ரோனோம் (வேகம் காட்டும் கருவி) வைத்து யாரும் வாசிக்கவில்லை. மேடைப் பதிவுகள் போகப் போக வேகம் கூடுவது சகஜம்.

இனி பதிவுகள். 1937 ஜூலை 7 அன்று நியூயார்க்கில் டெக்கா கம்பெனிக்காக பேஸி பதிவு செய்ததுதான் அளவுகோல். சுற்றுக்குச் சுமார் 17 விநாடி, அதாவது 170-ஐ ஒட்டிய வேகம். ஓரளவு பழகியவர்களுக்கு நிதானமாகவும் இல்லாமல் மூச்சும் வாங்காமல் இருக்கும். முதல் 8 பார் பேஸியின் பியானோ முன்னுரை. 32 தட்டு, 11 விநாடி. ஜோடி சேர்ந்து நிற்க இது போதும். அடுத்த இரண்டு சுற்றும் பியானோதான், எஃப் சுருதியில். 45-ஆவது விநாடி வாக்கில் பாட்டு டி-ஃப்ளாட்டுக்குத் தாவுகிறது, ஹெர்ஷல் எவன்ஸின் டெனர் சாக்ஸ் நுழைகிறது. தரையில் முதல் பெரிய ஸ்விங்-அவுட்டை இந்தத் தாவலுக்கு வைத்துக்கொண்டால் பொருந்தும். அதற்குமுன் அவசரப்பட்டுக் கையை வீசினால் பியானோவின் மெல்லிய சத்தத்துக்கு அது ஒட்டாது.

பிறகு ஜார்ஜ் ஹன்ட்டின் டிராம்போன், லெஸ்டர் யங்கின் டெனர், பக் கிளேட்டனின் ட்ரம்பெட், ஆளுக்கொரு சுற்று. தனி வாசிப்பது சாக்ஸ் என்றால் பின்னால் பித்தளைக் கருவிகள் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்னச் சுரக்கோவை) போடும், பித்தளை என்றால் சாக்ஸ்கள் போடும். அடியெடுப்பதற்குத் தனி வாசிப்பைவிட அந்தப் பின்னணி ரிஃப்பைப் பிடித்துக்கொள்வது சுலபம். லெஸ்டர் யங் தட்டுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து வாசிக்கிறவர், அவரையே பின்தொடர்ந்தால் லீட் (ஜோடியை நடத்துகிறவர்) பிந்திவிடுவார்.

ஏழாவது சுற்றுதான் சோதனை. ஊதுகிறவர்கள் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். பேஸி அங்கொன்றும் இங்கொன்றுமாக விரல் வைப்பார். மிச்சம் இருப்பது வால்டர் பேஜின் பேஸ் (பெரிய தந்திக் கருவி), ஃப்ரெடி கிரீனின் கிட்டார், ஜோ ஜோன்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸோடு இருக்கும் ஜோடி ஜால்ரா). இதுவரை ட்ரம்பெட்டை நம்பி ஆடியவர்களுக்கு இங்கே கால் தடுமாறும். பெரிய அசைவுகளைக் குறைத்து, பக்கத்தில் நின்று டிரிபிள் ஸ்டெப்பை (இரண்டு தட்டுக்குள் மூன்று அடி) மட்டும் சின்னதாக வைத்துக்கொண்டால் இந்தச் சுற்று மொத்தப் பாட்டிலும் இனிமையான இடமாக மாறும். அடுத்த மூன்று சுற்றும் குழு முழுவதும் சேர்ந்து போடும் ரிஃப்கள். சுற்றுக்குச் சுற்று வீச்சு ஏறும். கடைசி ரிஃப் பேஸியின் சொந்தச் சரக்கு அல்ல, டான் ரெட்மன் 1929-இல் பதிவு செய்த ‘சிக்ஸ் ஆர் செவன் டைம்ஸ்’ பாட்டிலேயே வந்தது. எட்டாவது சுற்றிலேயே முழுப் பலத்தையும் காட்டிவிட்டால் பத்தாவதுக்கு எதுவும் மிஞ்சாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

குட்மனின் 1938 பிப்ரவரி 16 விக்டர் பதிவில் குழு கச்சிதம், ஊதுகிறவர்களின் தொடக்கமும் முடிவும் கத்தரித்தது போல் இருக்கும். வித்தியாசம் டிரம்ஸில். ஜோ ஜோன்ஸ் தாளத்தை ஹை-ஹாட்டில் வைத்ததால் தட்டுகளுக்கு நடுவே காற்றோட்டம் இருக்கும், ஆட்டம் முன்னோக்கி வழுக்கும். ஜீன் க்ரூப்பா பேஸ் டிரம்மில் நான்கு தட்டையும் அழுத்துகிறவர். உடல் செங்குத்தாகத் துள்ளும். தட்டு தெளிவாக விழுவதால் புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது உதவும். ஸ்விங்-அவுட் நீள்வது மட்டும் குறைந்துவிடும். சார்ல்ஸ்டன் அடிகளுக்கு இது தோது.

அதே ஆண்டு ஜனவரி 16-இல் குட்மன் வாசித்த கார்னகி ஹால் பதிவு, 1950-இல் கொலம்பியா எல்பியாக வந்தது, கேட்க அருமை. ஜெஸ் ஸ்டேசியின் பியானோச் சுற்றுகளுக்காகவே கேட்கலாம். ஆனால் ஆறு நிமிடத்துக்கு மேல் போகும். ஒரே ஜோடியாக இவ்வளவு நேரம் ஆடினால் பாதியில் சரக்கு தீர்ந்துவிடும். ஹாலின் எதிரொலியில் பேஸ் மங்கியும் கேட்கிறது. ஜாம் வட்டம் போட்டு ஆள் மாறி ஆள் உள்ளே வருவதானால் எடுத்துக்கொள்ளலாம்.

மெட்ரோனோம் குழுவில் பியானோவில் பேஸி, டிரம்ஸில் பட்டி ரிச், சுற்றிலும் நட்சத்திரங்கள். எல்லோரும் தனித்தனியாகப் பளிச்சிடுகிறார்கள், தரைக்கு வேண்டிய ஒட்டுதல் இல்லை. பேஸியின் 1942 பதிவில் எவன்ஸும் யங்கும் இல்லை, முன்னவர் 1939-இல் இறந்துவிட்டார், பின்னவர் 1940 இறுதியில் விலகிவிட்டார். தாளக்காரர்கள் நால்வரும் அதேதான் என்பதால் ஆட்டத்துக்குக் குறைவில்லை. நியூபோர்ட் பதிவு முதல் பதிவுக்குச் சரியாக 20 ஆண்டு கழித்து, 1957 ஜூலை 7 அன்று. லெஸ்டர் யங், ஜோ ஜோன்ஸ், ராய் எல்ட்ரிட்ஜ், இலினாய் ஜாக்கெட் எல்லோரும் ஏறி வாசித்த நீளமான விருந்து. ஆட வந்தவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியது.

சரியான பதிவைத் தேர்ந்தெடுத்த பிறகும் கோப்பு கெடுத்துவிடும். 78 ஆர்பிஎம் இசைத்தட்டிலிருந்து மாற்றும்போது வேகம் பிசகினால் சுருதியும் பிசகும். 6 சதவீத வேகம் என்பது அரை ஸ்வரம். கீபோர்டில் எஃப் வைத்துப் பியானோத் தொடக்கத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டு கட்டைக்கு நடுவில் நின்றால் அந்தக் கோப்பு வேண்டாம், அல்லது வேகத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளைத் தவிர்க்க வேண்டும். இரைச்சல் இருக்கும் அதே உயர் பகுதியில்தான் ஹை-ஹாட்டும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போய்விட்டால் ஏழாவது சுற்றில் பிடிமானமே இருக்காது. கொஞ்சம் சீறினாலும் பரவாயில்லை. மோனோ பதிவைப் போலி ஸ்டீரியோ ஆக்கிய பழைய எல்பி மாற்றங்களும் பெரிய அறையில் குழம்பும், அதனால் மோனோவாகவே போட வேண்டும். மிக்ஸரில் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றினால் வால்டர் பேஜ் தரையில் கேட்பார். ட்ரெபிளைத் தொட வேண்டாம். 1950-களின் பதிவுக்கு அடுத்து 1937-ஐப் போடுவதாக இருந்தால் ஒலி அளவை முன்கூட்டியே ஹெட்போனில் சமப்படுத்தி வைக்க வேண்டும். பேஸியின் பியானோ முன்னுரை மெதுவாகத் தொடங்குவதால் அங்கே காது வைத்து அளவை ஏற்றிவிட்டால், டி-ஃப்ளாட்டில் பித்தளை நுழையும்போது ஸ்பீக்கர் அலறும். ஒலி அளவைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாட்டை முதலிலிருந்து ஓடவிட வேண்டும்.