ஆணியில் தொங்கும் துருத்தி

ஏப்ரல் 12, 2024, வெள்ளி
மதுரை மீனாட்சி கோயிலில் சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. அம்மா டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா பார்த்தது டிவியை இல்லை. அதற்கு மேலே ஆணியில் தொங்கும் துருத்தியை, அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சும் தோல் பையை.

ஏப்ரல் 13
பிசியோ தம்பி வந்தார். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டார். விட்டதும் மூடிக்கொண்டன.

ஏப்ரல் 14
வருடப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடியை நன்றாக மசித்து ஊட்டினோம். “கசக்குதாப்பா?” “நாளைக்கு.” பசிக்குதா என்றாலும் நாளைக்கு, வலிக்குதா என்றாலும் நாளைக்கு. நான் யாரென்று கேட்கவில்லை.

ஏப்ரல் 16
துருத்தியைக் கீழே இறக்கினேன். ஆட்டுத்தோல் பலகை மாதிரி விறைத்துக் கிடக்கிறது. வாய்ப்பக்கம் பித்தளைக் குழலில் பச்சை பூத்திருக்கிறது. போன வருடம் அழகர் ஆற்றில் இறங்கியதோடு சரி, யாரும் தொடவில்லை. இதை முதலில் ஊறவைக்க வேண்டும், அது தெரியும். எத்தனை மணி நேரம்? எண்ணெய் தடவுவாரே, அது விளக்கெண்ணெயா தேங்காயெண்ணெயா? ஊறவைப்பதற்கு முன்னாலா, பின்னாலா? எனக்கு நாற்பது வயதாகிறது. வருடா வருடம் சித்திரையில் இந்த வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து அப்பா இதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனவன். ஆபீஸில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, அவர் அரையில் சல்லடமும் தலையில் உருமாவும் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கும்போது மாடிக்குப் போய்விடுவேன். இப்போது அவரிடமே கேட்டேன். இரண்டு எண்ணெய்ப் பாட்டிலையும் முன்னால் வைத்து, எதுப்பா என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். நாளைக்கு என்றார். சித்தப்பாவுக்குப் போன் போட்டால் அவர், “எனக்கும் உங்கண்ணன்தான்டா தடவிக் குடுப்பாரு” என்கிறார். உங்கண்ணன் என்று எங்கப்பாவை என்னிடமே சொல்கிறார். அவருக்கும் புத்தி நிலையில் இல்லை.

விளக்கெண்ணெய்தான் தடவினேன்.

ஏப்ரல் 17
ஒரு மடிப்பில் தையல் விட்டிருக்கிறது. குண்டூசி நுழையும்.

ஏப்ரல் 19, வெள்ளி
காலையில் ஓட்டு. மாலையில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். இன்றிலிருந்து நாலு மாதம் அவள் ஆட்சி, அப்புறம் எட்டு மாதம் சொக்கர் ஆட்சி. ஓட்டுச்சாவடி வரிசையில் எல்லோரும் இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை அழைத்துப் போகவில்லை. ஆட்டோவில் ஏற்றி இறக்க ஆளில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். ஆள் இருந்தது.

ஏப்ரல் 20
மீனாட்சி எட்டுத் திக்கையும் வெல்லும் திக்குவிஜயம். தூக்கம் இல்லை. அப்பா ராத்திரி 3 மணிக்கு எழுந்து உட்கார முயன்றிருக்கிறார்.

ஏப்ரல் 21, ஞாயிறு
திருக்கல்யாணம். ஒவ்வொரு வருடமும் அம்மா விடியற்காலையிலேயே ஆடிவீதிக்கு இடம் பிடிக்கப் போய்விடுவாள். இன்று மஞ்சள் கயிறை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவாமி அம்மனுக்குத் திருமாங்கல்யம் பூட்டும் நேரத்தில் பழைய கயிறைக் கழற்றிப் புதுக்கயிறு மாற்றிக்கொண்டாள். அப்பாதான் குங்குமம் வைக்க வேண்டும். இடது கையைத் தூக்கினார். “அந்தக் கை வேண்டாம்” என்றாள். வலது கையை அவளே எடுத்து, மூடிய விரல்களில் ஒன்றைப் பிரித்து, குங்குமத்தில் தோய்த்து, தாலியில் ஒற்றி, நெற்றியில் ஒற்றி, திரும்ப அவர் மடியில் வைத்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்விட்டாள். குழம்பு அடிப்பிடித்திருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் காவல் தெய்வம் பதினெட்டாம்படிக் கருப்பிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு அழகர் மலையை விட்டுக் கிளம்பிவிட்டார். கண்டாங்கிப் பட்டு, கையில் வளைதடி. வழியில் அவர் நின்று போகும் மண்டகப்படி நானூற்றுக்கும் மேல்.

துருத்தியை இன்றைக்கு ஊறப்போட்டேன். தண்ணீர் டீ நிறமாகிவிட்டது.

ஏப்ரல் 22
காலையில் தேர். அழகரை ஊர் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவையும் இன்றுதான். எதற்கும் போகவில்லை. செருப்பு தைப்பவரிடம் கொடுத்துத் தையலை இறுக்கி வாங்கினேன். “அழகருக்கா?” என்றார். காசு வாங்கவில்லை.

பிரஷர் பம்பு வைத்துத் தண்ணீர் அடிக்கக் கூடாது, தோல் பைதான் என்று அறிவிப்பு. அப்பா நன்றாக இருந்திருந்தால் இதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பார். பம்புக்காரர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. கொரோனா வந்த 2020, 2021இல் அழகர் மதுரைக்கே வரவில்லை. அப்போதும் மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துத் தண்ணீர் பீய்ச்சியவர். எதிர்வீட்டுக் கொடியில் துணி எல்லாம் நனைந்து பெரிய சண்டை.

அவர் சல்லடம் எனக்கு இடுப்பில் ஏறவில்லை. வேட்டிதான்.

ஏப்ரல் 23, செவ்வாய்
2 மணிக்கே கிளம்பி, ஏ.வி. பாலத்துப் பக்கம் போகவே முடியாமல், சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு வைகை ஆற்றுக்குள் நின்றேன். தங்கக் குதிரை, பச்சைப் பட்டு. கோவிந்தா என்று இத்தனை லட்சம் பேர் ஒரே மூச்சில் சொன்னபோது நானும் சொல்லிவிட்டேன். பக்கத்தில் பெண்கள் செம்பில் சர்க்கரை நிறைத்து அதன்மேல் கற்பூரம் ஏற்றி நின்றார்கள். பொசுங்கிய சர்க்கரை வாசனை இன்னும் சட்டையில் இருக்கிறது.

தண்ணீர் பீய்ச்சுவது ராமராயர் மண்டபத்தில். வெயில். துருத்தியைக் கக்கத்தில் இடுக்கிக் குழலை மேலே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அரை மணியில் விலாவெல்லாம் ஈரம். தையல் போட்ட இடம் இல்லை, வேறு இடம். அழகர் வந்தபோது பாதிதான் மிச்சம். அழுத்தினேன். நூல் மாதிரி ஒரு கோடு எழும்பியது. குதிரைக் கழுத்தில் பட்டதா, முன்னால் நின்றவர் உருமாவில் பட்டதா, சத்தியமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா மடியில் வைத்தேன். இடது கையால் தூக்கிப் பார்த்தார், தடவினார், ஒழுகும் இடத்தைத் தானே கண்டுபிடித்து இரண்டு விரலால் நிமிண்டிப் பிடித்தார். அப்படியே என்னைப் பார்த்தார். சின்ன வயதில் சைக்கிள் பஞ்சரைத் தப்பாக ஒட்டியபோது பார்ப்பாரே, அந்த மடப்பயலே என்கிற பார்வை. மூன்று மாதமாக அது இல்லை.

ஏப்ரல் 24
சாபத்தால் தவளையான மண்டூக மகரிஷிக்கு அழகர் மோட்சம் கொடுக்கும் நாள். அம்மா பிறந்தது தேனூர். “அந்தக் காலத்துல எங்க ஊர்லதான்டா இறங்குனாரு. நாயக்கர் வந்துதான் மதுரைக்குக் கொண்டாந்தாரு” என்று இந்த வருடமும் சொன்னாள். நாரை பறக்கவிடுவதைப் பார்க்க வேண்டும் என்றாள், போகவில்லை.

பிசியோ தம்பி லீவு.

ஏப்ரல் 25
அழகருக்குப் பூப்பல்லக்கு. துருத்தியை நிழலில்தான் காயப்போட வேண்டுமாம், சித்தப்பா சொன்னார். வெயிலில் போட்டுவிட்டேன், இப்போதுதான் எடுத்து