ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழும் நடப்புக் கணக்கும்

ஈரோட்டில் விசைத்தறித் துண்டுகளையும் போர்வைகளையும் கொள்முதல் செய்து, பெங்களூருவில் உள்ள கடைகளுக்கு அனுப்பும் சிறு வியாபாரம் என்னுடையது. சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இத்தகைய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கத் தொடங்கிவிட்டால் அந்த வரம்பு பொருந்தாது. முதல் பில்லுக்கே பதிவு கட்டாயம். கடையின் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கவும் வங்கியில் தொழிலுக்கான சான்று கேட்டதால், இரண்டு தேவைக்குமாகச் சேர்த்தே ஜிஎஸ்டி பதிவுக்கு விண்ணப்பித்தேன்.

தனிநபர் வியாபாரத்துக்கென்று தனி பான் எண் கிடையாது. உரிமையாளரின் பான் எண்ணே போதும். வழங்கப்படும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணில் முதலில் தமிழ்நாட்டுக்குரிய 33, அதையடுத்து அந்த பான் எண்ணின் பத்து எழுத்துகள் என்று வரும். படிவத்தில் வணிகப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் அந்தப் பெயர் சான்றிதழில் அச்சாகாவிட்டால் கடை பெயரில் கணக்கு தொடங்க அது உதவாது.

சிக்கல் முகவரியில்தான் வந்தது. கிடங்காகப் பயன்படுத்தும் முன்அறை என் மாமனார் பெயரில் உள்ள வீட்டைச் சேர்ந்தது. மின்கட்டண ரசீதில் பழைய கதவு எண்ணும், சொத்துவரி ரசீதில் புதிய கதவு எண்ணும் இருந்தன. மாமனாரின் சம்மதக் கடிதம், அவருடைய ஆதார் நகல், இந்த இரண்டு ரசீதுகள் ஆகியவற்றை இணைத்து, ஆதார் சரிபார்ப்பையும் முடித்திருந்தேன். ஆயினும், கதவு எண் வேறுபடுவதை விளக்கும்படி ஆர்இஜி-03 படிவத்தில் அறிவிப்பு வந்தது. அதற்கு ஏழு வேலை நாட்களுக்குள் ஆர்இஜி-04 வழியாகப் பதிலளிக்க வேண்டும். இரண்டு எண்களும் குறிக்கப்பட்டிருந்த சொத்துவரிப் பதிவு நகலை மாநகராட்சி அலுவலகத்தில் வாங்கி, நான்கு வரி விளக்கத்துடன் பதிவேற்றினேன்; விண்ணப்பம் ஏற்கப்பட்டது. உறவினர் பெயரில் உள்ள இடமென்றால் சம்மதக் கடிதத்தை வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், முத்திரைத் தாள் வேண்டியதில்லை. விண்ணப்பதாரர்களிடம் தேவையற்ற ஆவணங்களைக் கேட்கக்கூடாது என்று 2025 ஏப்ரலில் மத்திய மறைமுக வரிகள் வாரியம் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

ஜிஎஸ்டி எண்ணும் தற்காலிகக் கடவுச்சொல்லும் மின்னஞ்சலில் வந்தன. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கொடுத்தால் எந்த வங்கியும் ஏற்காது. ஜிஎஸ்டி இணையதளத்தில் உள்நுழைந்து 'சர்வீசஸ்', 'யூசர் சர்வீசஸ்' வழியாகச் சென்று, ஆர்இஜி-06 என்ற சான்றிதழைப் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், முகவரி, பதிவு நடைமுறைக்கு வரும் தேதி ஆகியவையும், இணைப்பு 'ஏ'யில் கூடுதல் இடங்களும், இணைப்பு 'பி'யில் உரிமையாளரின் புகைப்படமும் இருக்கும். முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாப் பக்கங்களையும் கொடுப்பது நல்லது.

இதையும் வங்கிக் கிளையில் உடனே ஏற்கவில்லை. கையொப்பமும் முத்திரையும் இல்லை என்றார்கள். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் 'செல்லுபடித்தன்மை அறியப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகமும் ஒரு மஞ்சள் கேள்விக்குறியும் தெரிந்தது உண்மைதான். கணினி அந்த டிஜிட்டல் கையொப்பத்தை இன்னும் சரிபார்க்கவில்லை என்பதே அதன் பொருள். கோப்பை அடோபி ரீடரில் திறந்து, கையொப்பத்தின் விவரங்களுக்குள் போய், அதை நம்பகமானவற்றின் பட்டியலில் சேர்த்தால் கேள்விக்குறி போய்ப் பச்சைக் குறி வந்துவிடும். அப்படி மாற்றிய பிறகு அச்செடுத்தேன். கணினி வழியே உருவாக்கி டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றிதழ் இது என்று அடியில் அச்சிடப்பட்டிருந்த வரியையும் காட்டினேன். மேலாளர் தம் கணினியில் ஜிஎஸ்டி தளத்துக்குள் போய், என் எண்ணைத் தட்டி, 'ஆக்டிவ்' என்று வந்ததைப் பார்த்த பிறகே இசைந்தார். அந்தத் தேடலுக்குக் கடவுச்சொல்கூட வேண்டாம். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். இரண்டாவது சான்றாகக் கட்டணமின்றிக் கிடைக்கும், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுச் சான்றிதழைக் கொடுத்தேன்.

கணக்கு தொடங்கியதும் அதன் எண்ணை ஜிஎஸ்டி பதிவில் சேர்க்க வேண்டும். பதிவு கிடைத்த 30 நாட்களுக்குள், அல்லது ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர அறிக்கையை முதல்முறை தாக்கல் செய்வதற்குள், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் சேர்த்தாக வேண்டும். தவறினால் பதிவே நிறுத்திவைக்கப்படலாம். தொழிலுக்கான சான்று இல்லாமல் வங்கி கடை பெயரில் கணக்கு தராது, கணக்கு இல்லாமல் பதிவு நீடிக்காது என்பதால், சான்றிதழ் கையில் வந்த வாரத்திலேயே வங்கிக்குப் போய்விடுவது உத்தமம்.