வாசலில் தெரியும் மலையிலிருந்து தொடங்குங்கள்: ஹாம் வானொலிப் பரீட்சைக்குப் படித்த அனுபவம்

மலையகத்திலிருந்து அமெச்சூர் வானொலிப் பரீட்சை, அதாவது சொந்தக் கருவியில் வானலை வழியே மற்றவர்களோடு பேசும் ஹாம் வானொலிக்கான அனுமதிப் பரீட்சை, எழுத விரும்பும் தம்பி தங்கையர் என்னிடம் முதலில் கேட்பது, "ஆங்கிலம் சரியாக வராதே, படிக்க முடியுமா?" என்பதுதான். அடுத்தது, "கருவி வாங்கக் காசில்லையே" என்பது. எங்கள் தோட்டத்துச் சிறிய கழகத்தில் ஞாயிறுதோறும் கூடிப் படித்து அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தவள் நான். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அவர்கள் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது: எங்கிருந்து தொடங்குவது? உங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிரே தெரியும் மலையிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பாடத்திட்டத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, அந்த மலையைத் தாண்டிக் குரல் போவது எப்படி என்ற ஒரே கேள்விக்குள் அடங்கிவிடும்.

முதலில் அடிப்படை விவரங்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரம் வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும் 1996இல் அதற்கு வந்த திருத்தமும் இதற்கு அடிப்படை. ஆரம்பத் தரம், பொதுத் தரம், உயர் தரம் என மூன்று நிலைகள் உள்ளன. வானலையில் ஒருவரை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியைக் கேட்டதுமே அவர் எந்தத் தரத்தவர் என்று சொல்லிவிடலாம். 4எஸ்5 என்று தொடங்கினால் ஆரம்பத் தரம், 4எஸ்6 பொது, 4எஸ்7 உயர். பரீட்சைத் திகதியும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால் ஆணைக்குழுவின் அறிவித்தலை மட்டும் நம்புங்கள். நாட்டின் ஹாம்களுக்கான தேசிய அமைப்பான இலங்கை வானொலிச் சங்கத்தோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். ஓமின் விதி, வலு, அலைநீளம், மீடிறன் (அதிர்வெண்), கொள்ளளவி, இருவாயி, திரான்சிற்றர், ஆடலோட்டம், நேரோட்டம் எல்லாவற்றையும் சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் தமிழில் படித்திருக்கிறோம். விஷயம் நம்மிடம் இருக்கிறது. நான் ஒரு கொப்பியில் இடப்பக்கம் பள்ளிக்கூடத்துத் தமிழ்ச் சொல்லையும் வலப்பக்கம் பரீட்சைக்கு வேண்டிய ஆங்கிலச் சொல்லையும் எழுதினேன். ஒவ்வொரு சொல்லோடும் ஒரு சிறிய படம் வரைந்தேன். அந்தக் கொப்பி நிறைந்தபோது பயம் தானாகவே போய்விட்டது. ஆங்கில இலக்கணம் படித்துவிட்டு வருகிறேன் என்று ஒத்திப்போடாதீர்கள். பரீட்சை சோதிப்பது மின்னியலையும் ஒழுங்குவிதிகளையும்தான்.

கணக்கை உண்மையான பொருளோடு சேர்த்துச் செய்யுங்கள். எங்களுக்குப் படிப்பித்தவர் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். சூத்திரத்தை அவர் முதலில் எழுதவே மாட்டார். ஒரு கார் பற்றரியையும் ஒரு வயர்த் துண்டையும் மேசையில் வைப்பார். 100 வாட் சிற்றலைக் கருவி ஒன்று பேசும்போது ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 7.4 மில்லிஓம். பற்றரி மூன்று மீற்றர் தள்ளி இருந்தால் போகவும் வரவும் ஆறு மீற்றர் வயர். அப்படியானால் வயரிலேயே எத்தனை வோல்ற்று வீணாகும்? ஏறத்தாழ 0.9 வோல்ற்று. 12 வோல்ற்றில் அது பெரிய இழப்பு. பற்றரி கொஞ்சம் இறங்கியிருந்தால் கருவி நின்றேவிடும். இந்த ஒரு கணக்கைச் செய்தவனுக்கு ஓமின் விதி ஆயுளுக்கும் மறக்காது. வலு எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவான டெசிபெலுக்கும் இதே வழிதான். 3 டெசிபெல் கூடினால் வலு இரண்டு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மடக்கை அட்டவணையைத் தேடாமலே பெரும்பாலான வினாக்களுக்கு விடை எழுதலாம்.

அன்ரனா என்ற அத்தியாயத்தைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கையால் படியுங்கள். 142.5ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால், நடுவில் கேபிள் இணையும் இரண்டு கைக் கம்பியான அரையலை இருமுனை அன்ரனாவின் நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அது 20 மீற்றரை ஒட்டி வரும். ஒவ்வொரு கைக்கும் 10 மீற்றர். ஒளிவேகத்தை வைத்துக் கணக்கிட்டால் 21 மீற்றருக்குச் சற்று மேல் வர வேண்டுமே, ஏன் குறைகிறது? கம்பியின் முனைகளில் உண்டாகும் விளைவால் அது ஏறத்தாழ ஐந்து வீதம் குறுகுகிறது. இந்த "ஏன்" பரீட்சையில் வரக்கூடியது. எங்கள் கழகத்தில் பிள்ளைகளே கம்பியை அளந்து வெட்டி, நடுவில் பற்றாசு பிடித்து, ஒரு முனையை மூங்கிலிலும் மறுமுனையைக் காற்றுத்தடுப்பு மரத்திலும் கட்டினார்கள். பிறகு அன்ரனாவிலிருந்து எவ்வளவு வலு திரும்பி வருகிறது என்று காட்டும் நிலையலை விகிதமானியை வைத்துப் பார்த்து, முனைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, ஊசி இறங்குவதைக் கண்ணால் கண்டார்கள். 50 ஓம் கேபிள், பொருத்தம், தெறித்துத் திரும்பும் வலு என்று புத்தகம் பக்கம் பக்கமாகச் சொல்வதெல்லாம் அந்த ஊசியின் அசைவில் புரிந்துவிடும்.

இனி மலைக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் மட்டும் அவசரப்படாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள இரண்டு மீற்றர் அலைவரிசை பெரும்பாலும் நேர்ப்பார்வையில் செல்வது. பொகவந்தலாவைப் பள்ளத்தின் அடியில் நின்று கையடக்கக் கருவியில் பேசினால் அடுத்த பள்ளத்தாக்குக்கே எட்டுவது கடினம். இடையில் நிற்கும் மலை அலையை விழுங்கிவிடும். அதே கருவியோடு ஹப்புத்தளையின் தெற்கு விளிம்புக்குப் போங்கள். கடல்மட்டத்திலிருந்து அது சுமார் 1,400 மீற்றர் உயரம். மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலை எட்டக்கூடிய எல்லையான வானொலித் தொடுவானம் கிலோமீற்றரில் வரும்: ஏறத்தாழ 154. தெற்குச் சமவெளி முழுவதும், அம்பாந்தோட்டைக் கரையும் தாண்டி, அந்த வட்டத்துக்குள் அடங்கும். கருவி அதே கருவி, வலுவும் அதே வலு. நிற்கும் இடம்தான் மாறியது.

அப்படியானால் பள்ளத்தில் இருப்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதற்கு மேலே பார்க்க வேண்டும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையை ஏறக்குறைய நேர் மேலாக அனுப்பினால், அது வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அயன மண்டலத்தின் எஃப் படையில் பட்டு, சில நூறு கிலோமீற்றர் வட்டத்தில் கீழே இறங்கும். பூசணிக்காய்த் தோட்டத்துக்கு மேலே பிடித்த பூவாளி போல அது எல்லாப் பள்ளங்களிலும் சமமாகப் பொழியும். நடுவில் எந்த மலை நின்றாலும் கவலையில்லை. இலங்கையின் நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான். ஆகவே ஒரே அன்ரனாவால் மஸ்கெலியாவும் மன்னாரும் மாத்தறையும் எட்டும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பகலில் எஃப் படை வலுவாக இருக்கிறது. அதனால் 7 மெகாஹேர்ட்ஸ் அலை ஊடுருவித் தப்பிவிடாமல் திரும்பி வருகிறது. கீழேயுள்ள டி படை 3.5 மெகாஹேர்ட்ஸைப் பகலில் அதிகமாக உறிஞ்சிவிடும். 7க்கு அந்தச் சேதம் குறைவு. இரவில் டி படை மறைந்துவிட, அதே 7 மெகாஹேர்ட்ஸில் வெகுதூர நிலையங்கள் வந்து குவியும்.

இந்த வகைப் பரவலுக்கு அன்ரனா உயரமாக இருக்கத் தேவையில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்கு எவ்வளவு பெரிய சகாயம்! நிலத்திலிருந்து பத்தில் ஒரு பங்கு அலைநீளம் முதல் கால் பங்கு வரை, அதாவது நாலு முதல் பத்து மீற்றர் உயரம் போதும். லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரையோடு ஒரு மூங்கிலைக் கட்டினால் அந்த உயரம் வந்துவிடும். கோபுரம் கட்டும் பணக்காரர்களுக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு என்ற பேச்சை நான் ஏற்பதே இல்லை.

பாடத்திட்டத்திலுள்ள பாதுகாப்புப் பகுதியை மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மலையகத்தில் பிற்பகல் இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வானம் கறுக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். மின்சாரக் கம்பிக்கு மேலாகவோ அருகிலோ அன்ரனாவை ஒருபோதும் கட்டாதீர்கள்.

ஒழுங்குவிதிகளைப் பலர் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிறார்கள். காரணத்தோடு படித்தால் நிற்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி ஒழுங்குவிதிகளில் 25ஆம் உறுப்புரை அமெச்சூர் சேவைக்கு உரியது. நாடுகளுக்கு இடையில் பேசும்போது கருத்தை மறைக்கும் சங்கேதம் கூடாது. பேச்சு இந்தச் சேவையின் நோக்கத்தையும் சொந்த விஷயங்களையும் ஒட்டியதாக இருக்க வேண்டும். அழைப்புக்குறியைக் குறுகிய இடைவெளிகளில் சொல்ல வேண்டும். வியாபாரம் பேச இது இடமில்லை. தமிழில் பேசலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். தமிழ்நாட்டு நிலையங்கள் 7 மெகாஹேர்ட்ஸில் தமிழில் உரையாடுவதை இங்கிருந்தே கேட்கலாம். புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸில் தேர்ச்சி வேண்டுமா என்பதை 2003ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு அந்தந்த நாட்டின் முடிவுக்கு விட்டுவிட்டது. ஆனாலும் மோர்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள். குரல் இரைச்சலில் மூழ்கும் நேரத்திலும் அந்த ஒலி தனியாகத் தெரியும்.

காசில்லாதவர் கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஹாம்கள் சிற்றலையில் பேசும் முறையான ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சைப் பிரித்துக் கேட்கக்கூடிய பழைய சிற்றலை வாங்கி ஒன்று கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் இணையத்தில் திறந்துவிடப்பட்டிருக்கும் தொலைவாங்கிகளைக் கைத்தொலைபேசியிலேயே கேட்கலாம். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்: திகதி, மீடிறன், அழைப்புக்குறி, குரலின் தெளிவு, நேரம். நேரத்தைச் சர்வதேச நேரத்தில் எழுதப் பழகுங்கள்; நம்முடைய நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் கழிக்க வேண்டும். அதிகாலை நாலு மணிக்குக் கேட்டதற்கு முந்தைய நாள் திகதி வரும் என்பது எழுதும்போதுதான் கைவரும். கியூ.ஆர்.எம். (குறுக்கீடு), கியூ.எஸ்.பி. (ஒலி ஏறி இறங்குதல்), கியூ.எஸ்.வை. (மீடிறன் மாற்றம்) போன்ற குறியீடுகளும் கேட்கக் கேட்கத் தானாகப் படியும். இலங்கை வானொலியின் சிற்றலையோடு வாழ்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சலுக்குள் குரலைத் தேடிப் பிடிக்கும் பொறுமை அவர்களுக்கு நம்மைவிட அதிகம்.

அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒலிபரப்ப முடியாது என்பதால் செய்தி அனுப்பும் பயிற்சியைக் கழகத்தில் கருவியே இல்லாமல் செய்தோம். இருவர் முதுகைத் திருப்பி உட்காருவார்கள். ஒருவர் கையிலுள்ள செய்தியை அல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்து முறையில் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். முடிவில் சொற்களை எண்ணி ஒப்பிடுவோம். "மேற்பிரிவு இரண்டாம் லயத்தில் பன்னிரண்டு பேர், ஒருவருக்கு இன்சுலின் தேவை" என்ற செய்தியில் எண் மாறினாலும் மருந்தின் பெயர் மாறினாலும் என்ன நடக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்காத மக்கள் நாம். 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டையில் தொலைபேசி அற்றுப்போனபோது இலங்கை ஹாம்கள் சிற்றலையில் கொழும்போடு தொடர்பை நடத்தினார்கள். மண்சரிவில் மின்சாரம் நின்று, கைத்தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் தீர்ந்த பிறகு, ஒரு கார் பற்றரியும் 20 மீற்றர் கம்பியும் உள்ளவர் ஒருவர் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நம் பிராந்தியத்தில் அவசர வேளைக்கென்று 7,110, 14,300 கிலோஹேர்ட்ஸ் போன்ற மீடிறன்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள்.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் கொழும்பில் எழுதினேன். இரவு பஸ்ஸில் போய் இறங்கி அப்படியே மண்டபத்துக்குள் நுழையாதீர்கள். முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தூங்குங்கள். கணக்குகளில் மில்லி, மைக்ரோ, கிலோ, மெகா இவற்றை முதலில் ஒரே அலகுக்கு மாற்றி எழுதிவிட்டுப் பிறகு பெருக்குங்கள். ஒழுங்குவிதி வினாக்களில் "கூடாது", "தவிர" போன்ற சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள். பழைய வினாக்களின் விடைகளை மட்டும் உருப்போட்டவர் வினாவைச் சற்றுத் திருப்பிக் கேட்டாலே திணறுவார். கம்பி வெட்டியவர் திணறமாட்டார்.

கழகமே இல்லாத தோட்டத்தில் இருப்பவர்கள் காத்திருக்க வேண்டாம். மூன்று பேர் சேர்ந்தாலே போதும். அதில் பெண் பிள்ளைகளும் இருக்கட்டும். எங்கள் குழுவில் பற்றாசு பிடிப்பதில் அவர்களின் கைதான் சுத்தம். வாசிகசாலையிலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ ஞாயிறு பிற்பகலில் இடம் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரை எப்போதாவது வரவழையுங்கள். சித்தியடைந்த பிறகு கருவி வாங்குபவர்கள் மலிவாகக் கிடைக்கிறதே என்று இணையத்தில் ஓடர் செய்துவிடாமல், அந்தக் கருவிக்கு ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.