நாலாம் மாடித் தமிழ் வகுப்பு

செவ்வாய்க்கிழமைகளில் நாலரைக்குள் பள்ளியை விட்டுக் கிளம்பினால்தான் ஆறு மணி வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். சிங்கப்பூரின் ஹவ்காங்கில் ரயில் ஏறி, தீவின் மறுகோடிக்குப் போய், பூன் லேயில் 179 பேருந்தைப் பிடிக்க வேண்டும். இடையில் ஒரு கறி பஃப்பும் கோப்பியும்தான் இரவு உணவு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் இறங்கும்போது, நான் துணை முதல்வர் என்பது மறந்து, வீட்டுப்பாடம் முடிக்காத மாணவனாகிவிடுவேன். கல்வித் தலைமைத்துவத்தில் முதுகலை, பகுதி நேரம். இரண்டரை ஆண்டுகள் இப்படித்தான் ஓடின.

நண்பர்கள் பலர் கேட்டார்கள்: "கல்வி அமைச்சே பயிற்சி கொடுக்கிறதே, சொந்தக் காசில் எதற்கு?" நியாயமான கேள்விதான். பள்ளித் தலைவர்களை உருவாக்குவதை சிங்கப்பூர் தற்செயலுக்கு விடுவதில்லை. 1984லேயே இதற்கென ஒரு பட்டயப் படிப்பு இருந்தது. 2001 முதல் அதன் இடத்தில் லீடர்ஸ் இன் எஜுகேஷன் புரோகிராம் நடக்கிறது. முதல்வர் பொறுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் பல மாதங்கள் பள்ளி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிப்பார்கள். துறைத்தலைவர் நிலையில் உள்ளவர்களுக்கு 2007ல் 17 வாரப் பயிற்சி ஒன்று வந்தது. அதில் நானும் படித்திருக்கிறேன், நல்ல பயிற்சி. ஆனால் அங்கே அடுத்து வரப்போகும் வேலைக்குத் தயாராகிறோம். நான் அதுவரை செய்து முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்க விரும்பினேன். அதற்குத்தான் முதுகலை.

முதல் பருவத்தில், நிறுவனங்கள் எப்படிக் கற்கின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கிறிஸ் ஆர்கிரிஸ் 1970களில் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்தோம். அறைச் சூட்டைச் சீராக வைக்கும் கருவியை அவர் உதாரணம் காட்டுகிறார். நம் ஊர் ஏர்கானை வைத்தே சொல்கிறேன். 24 டிகிரி என்று வைத்துவிட்டால், சூடு ஏறும்போது கருவி தானே வேலை செய்யும், குளிர்ந்ததும் தானே அடங்கும். அதுவும் ஒரு வகைக் கற்றல்தான். ஆனால் 'ஏன் 24? இந்த அறையில் இருப்பவர்களுக்கு இது சரியா?' என்று அந்தக் கருவி கேட்பதில்லை. ஒரு நிறுவனம் அப்படிக் கேட்கத் தொடங்குவதைத்தான் அவர் இரண்டாம் சுற்றுக் கற்றல் என்கிறார். படித்தபோது எளிதாகத்தான் தோன்றியது. நான் வைத்த 24 டிகிரி எது என்று கண்டுபிடிக்க ஓராண்டுக்கு மேல் ஆனது.

எங்கள் தொடக்கப்பள்ளியில் ஒரு மூத்த தமிழாசிரியர் இருந்தார். 26 ஆண்டு அனுபவம். நாலு பேர் முன்னிலையில் என்னை 'சார்' என்பார், தனியே பேசும்போது 'தம்பி' என்பார். நான் எப்போதும் 'டீச்சர்' என்றுதான் அழைப்பேன். ஆண்டு மதிப்பீட்டுக்காக அவருடைய நான்காம் வகுப்புப் பாடம் ஒன்றைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்தேன். பாடம் தொடங்கியதும் அவர் புத்தகத்தை எடுக்கவில்லை. "எட்டாத ராணி, இரவில் வருவாள், பகலில் மறைவாள். யார்?" என்று விடுகதை போட்டார். ஒரு பிள்ளை "நிலா" என்றது. அடுத்த விடுகதை. அப்புறம் இன்னொன்று. என் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'பாடத்தின் தொடக்கம் மெதுவாக உள்ளது. விடுகதைகளில் நேரம் செலவாகிறது. நேர மேலாண்மையில் முன்னேற்றம் தேவை.' அவர் வாசித்தார், கையெழுத்துப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு, சொந்தப் பள்ளியிலுள்ள ஒரு பிரச்சினையை ஆராய்ந்து எழுதும் ஒப்படைப்பு வந்தது. தமிழ் வகுப்புகளில் நேரப் பயன்பாடு என்று தலைப்புக் கொடுத்தேன். விரிவுரையாளர் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் ஆய்வில் பங்கேற்க அந்த ஆசிரியருக்கு விருப்பமில்லை என்றால், உங்களிடம் அவரால் சொல்ல முடியுமா?" எனக்கு வாயடைத்துப் போனது. அவருடைய மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுகிறவன் நான். நான் நீட்டும் சம்மதப் படிவத்தில் அவர் 'மாட்டேன்' என்று எப்படி எழுதுவார்? சொந்தப் பள்ளியை ஆராயும் நிர்வாகிகள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. விரிவுரையாளர் கேட்டிருக்காவிட்டால் நான் கடந்து போயிருப்பேன்.

அதனால் ஆசிரியரை விட்டுவிட்டேன். பிள்ளைகளோடு நடப்பது என்று முடிவு செய்தேன்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இங்கே தாய்மொழிப் பாடம் சீனம், மலாய், தமிழ் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் நடக்கும். எங்கள் பள்ளியில் பெரும்பாலும் சீன மாணவர்கள் தங்கள் வகுப்பறையிலேயே இருப்பார்கள், மலாய், தமிழ்ப் பிள்ளைகள் எழுந்து வேறு அறைக்குப் போவார்கள். நான்காம் வகுப்பில் ஆறு பிரிவுகள். அந்த ஆறிலிருந்தும் பதினான்கு பிள்ளைகள் நாலாம் மாடியின் கோடியில் இருந்த ஓர் அறைக்கு வந்து சேர வேண்டும்.

ஒரு புதன்கிழமை, 4எஃப் பிரிவுப் பெண் குழந்தை ஒருத்தியோடு நடந்தேன். மணி அடித்தபோது கணித ஆசிரியர் கடைசிக் கணக்கை முடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடம். குழந்தை தண்ணீர் போத்தல், தமிழ்க் கோப்பு, பென்சில் பெட்டி மூன்றையும் எடுத்துக்கொண்டாள். படிக்கட்டில், திடலிலிருந்து திரும்பிய இரண்டாம் வகுப்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. ஒதுங்கி நின்றாள். மூன்றாம் மாடியில் கழிப்பறை. இடைவேளைக்கும் இந்தப் பாடத்துக்கும் நடுவே அவளுக்கு வேறு நேரம் கிடையாது. அறை வாசலுக்குப் போனால் உள்ளே வேறொரு குழு இன்னும் மேசைகளை நகர்த்திக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து கோப்பைத் திறந்தபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது. முன்பே வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர் விடுகதை போட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பிள்ளை உட்கார்ந்ததும், போட்ட விடுகதைக்குக்கூட விடை கேட்காமல், பலகைப் பக்கம் திரும்பிப் பாடத்தைத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் நேரத்தை வீணாக்கவில்லை. புதிய பாடத்தின் தொடக்கத்தை 4எஃப் பிள்ளைகள் தவறவிடக்கூடாது என்று நேரத்தை அவர்களுக்காகப் பிடித்து வைத்திருந்தார். காத்திருக்கும் நேரத்திலும் தமிழ்தான் நடந்தது. அடுத்து பத்துப் பாடங்களில் கடிகாரத்தோடு நின்று குறித்தேன். சராசரி எட்டு நிமிடம். ஒரு மணி நேரப் பாடத்தில் எட்டு. ஏழு பாடம் நடந்தால் ஏறக்குறைய ஒரு முழுப் பாடம் படிக்கட்டில் போய்விடுகிறது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பல குழந்தைகளுக்குத் தமிழ் காதில் விழுவதே அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

அந்த நாலாம் மாடி அறையை ஒதுக்கியது யார்? கால அட்டவணைக் குழுவுக்குப் பொறுப்பு நான்தான். தமிழாசிரியராக வேலையில் சேர்ந்தவன், தமிழ்த் துறையிலிருந்து மேலே வந்தவன். அறைப் பட்டியலில் காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்தேன், 'தமிழ்' என்று தட்டச்சு செய்தேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் குறைவு, எங்கே போட்டாலும் சமாளிப்பார்கள் என்று எண்ணியிருக்கிறேன். அதுதான் என் 24 டிகிரி. அதை வைத்தவனே கடைசி வரிசையில் உட்கார்ந்து, அதன் விளைவை ஆசிரியரின் குறை என்று எழுதினேன். இதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

நியூசிலாந்துக் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் அவரது சகாக்களும் 2008ல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு அந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடமாக இருந்தது. பள்ளித் தலைவர்கள் செய்கிற வேலைகளில் எது மாணவர் கற்றலோடு அதிகம் தொடர்புடையது என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். தொடர்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண், ஆசிரியர்களோடு சேர்ந்து தானும் கற்பதற்கு 0.84. கற்பித்தலைத் திட்டமிடுவது, ஒருங்கிணைப்பது, மதிப்பிடுவது எல்லாம் சேர்த்து 0.42. சில ஆய்வுகளை மட்டும் வைத்து வந்த எண்கள், அவற்றைப் பிடித்துத் தொங்கக்கூடாது. என்றாலும் என் வாரத்தை எடுத்துப் பார்த்தேன். மதிப்பிடுவதில் போன மணிகள் எத்தனை, ஆசிரியர்களோடு உட்கார்ந்து கற்றதில் போன மணிகள் எத்தனை என்று கூட்டினேன். இரண்டாவதில் கூட்டுவதற்கு அதிகம் இல்லை.

சரி, என்ன செய்தோம்? முதல்வரிடம் என் பத்து நாள் குறிப்புகளைக் காட்டினேன். அவர் தமிழ் தெரியாதவர், ஆனால் படிக்கட்டு தெரிந்தவர். இரண்டாம் மாடியில் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பயன்பட்ட கூட்ட அறை தமிழுக்கு வந்தது. நான்காம் வகுப்பின் தாய்மொழிப் பாடத்தை இடைவேளைக்கு அடுத்துப் போட்டோம். பிள்ளைகள் கேண்டீனிலிருந்து நேரே தமிழ் அறைக்கு வந்துவிடலாம், நடுவில் எந்த ஆசிரியரும் கணக்கை முடிக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு இதைச் செய்ய முடியவில்லை. கேண்டீன் சிறியது, இடைவேளைகளைப் பிரித்துத்தான் விட வேண்டும், எல்லாருக்கும் இடைவேளைக்குப் பிந்திய நேரம் கிடைக்காது. அந்தப் பிள்ளைகள் இன்னும் நடக்கத்தான் செய்கிறார்கள், மாடி மட்டும் குறைந்திருக்கிறது.

ஒப்படைப்புக்கு நல்ல மதிப்பெண் வந்தது. அதைவிட முக்கியமான ஒரு வேலை பாக்கி இருந்தது. முந்தைய ஆண்டின் மதிப்பீட்டைத் திருத்த வழியில்லை. அதனால் நான் எழுதியது எந்த வகையில் தவறு என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்திட்டு, ஒரு பிரதியை அவருடைய கோப்பில் சேர்த்தேன். இன்னொன்றை எடுத்துக்கொண்டு புதிய அறைக்குப் போனேன். இடைவேளை முடிய இரண்டு நிமிடம் இருந்தது. டீச்சர் நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்" என்றேன்.

"நீங்க கேக்கலையே, தம்பி" என்றார்.

அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், பதினான்கு பேரும் ஒன்றாக. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, "உக்காருங்க, சார்" என்று எனக்கும் ஒரு நாற்காலியைக் காட்டினார். பிள்ளைகள் விடுகதை வேண்டும் என்று கேட்டார்கள். ஒன்றே ஒன்று போட்டார். இந்த முறை எல்லாரும் விடை சொல்லும்வரை விட்டார்.