எல்லாக் கார்டிலும் கையெழுத்து சேராத செட்

அமெரிக்காவில் டாப்ஸ் கம்பெனி வருடாவருடம் வெளியிடும், ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டைதான் பேஸ்பால் கார்டு. அதன் 1973 செட்டில் மொத்தம் 660 கார்டு. அத்தனையிலும் கையெழுத்து வாங்கியே தீருவேன் என்று கிளம்பினால் 50ஆம் எண்ணில் முட்டிக்கொள்ளும். அதில் இருப்பவர் ராபர்ட்டோ கிளமென்ட்டே. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிக்கொண்டு போன விமானம் கடலில் விழுந்து, 1972 டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். கார்டு கடைக்கு வந்தது அதற்கப்புறம். 1964 செட்டின் 550ஆம் எண்ணும் இதே கதைதான். அந்த வருடம் பிப்ரவரியில் விமான விபத்தில் இறந்த கென் ஹப்ஸுக்கு அஞ்சலியாகவே அச்சடித்த கார்டு அது. இந்த இரண்டில் எதிலாவது அவரவர் கையெழுத்து இருக்கிறது என்று ஒருவர் விற்க வந்தால், மேற்கொண்டு பேசத் தேவையில்லைங்க.

பிள்ளைகள் டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் இருக்கிற கோவை, திருப்பூர் வீடுகளுக்கு, லீவுப் பெட்டியில் சாக்லேட்டோடு ஒரு கட்டுப் பழைய கார்டும் வந்து சேர்கிறது. வந்த ஒறம்பரைக்கெல்லாம் காட்டி முடித்ததும் எழுகிற கேள்வி: செட்டைச் சேர்க்கும்போதே கையெழுத்தும் வாங்கிக்கொண்டே போகலாமா?

வாங்கலாம். ஆனால் செட்டுக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய நல்ல கார்டில் வேண்டாம். கையெழுத்துக்கென்றே அடிபட்ட கார்டாக இன்னொன்று வாங்குங்க. கரூரில் அமராவதி மணலில் கிடைத்த ரோமக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியவரிடம் காசு சேர்ப்பவர்கள் என்ன சொல்வார்களோ, அதுதான் இங்கேயும். போட்ட மையைத் திரும்ப எடுக்க முடியாது.

கார்டு சந்தையில் இரண்டு வகை ஆள் உண்டு. ஒருவருக்கு மூலை, ஓரம், அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. 1952 டாப்ஸின் 311ஆம் எண், மிக்கி மேன்டில், 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனது முழுக்க முழுக்க அந்தக் கணக்கில்தான். அதில் ஒரு பேனாக் கீறல் விழுந்திருந்தால் அந்த ஏலமே இல்லை. இன்னொருவருக்கு மூலை மழுங்கியிருந்தாலும் பரவாயில்லை, ஆட்டக்காரர் கைபட்ட கார்டாக இருக்கவேண்டும். பேர் தெரியாத ஆட்டக்காரரின் நைந்த கார்டு கையெழுத்து விழுந்ததும் விலை ஏறும். நட்சத்திரத்தின் நல்ல நிலைக் கார்டில் கையெழுத்து விழுந்தால் முதல் வகை ஆள் விலகிவிடுவார், இரண்டாமவர் அந்த நல்ல மூலைகளுக்குச் சேர்த்துத் தரமாட்டார். நட்டம் நமக்கு.

எந்த வருடச் செட்டைத் தொடுவது என்பதைப் பேனா எடுக்கும் முன்பே முடிவு செய்யவேண்டும். அழகு பார்த்து 1955ஐத் தொட்டால் என்ன ஆகும் பாருங்க. எண் 210 வரை ஓடினாலும் நான்கு எண்கள் அச்சாகவில்லை. கையில் சேர்வது 206. சின்ன செட், சீக்கிரம் முடியும் போலத் தோன்றும். ஆனால் 152ஆம் எண் ஹாரி அகானிஸ், அதே வருடம் ஜூன் 27 அன்று 26 வயதில் இறந்துவிட்டார். அவருக்குக் கையெழுத்துப் போட இருந்த அவகாசம் மிகக் கொஞ்சம்தான். 50 ஜாக்கி ராபின்சன், 164 கிளமென்ட்டே, இருவரும் 1972இல் போய்விட்டார்கள். 47 ஹாங்க் ஆரன் 2021இல், 194 வில்லி மேய்ஸ் 2024இல். இவர்களுடையதெல்லாம் இனிமேல் யாரோ எப்போதோ வாங்கி வைத்ததை விலைக்கு வாங்குவதுதான். அகானிஸ் ஒரு கார்டு மட்டுமே மொத்த பட்ஜெட்டை முழுங்கிவிடும்.

அதனால் முதல் வேலை ஒரு எக்செல் தாள். எண், பெயர், இருக்கிறாரா, இறந்த தேதி, தபாலில் கையெழுத்துப் போட்டுத் தருபவரா என்று கட்டம் போடுங்க. பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொருவரின் பக்கத்திலும் இறந்த தேதி இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் ஒரு செட் முடிந்துவிடும். கையெழுத்தே போட்டிருக்க முடியாதவர், சின்ன வயதில் போனவர், போட மறுப்பவர் என்று சிவப்பில் எத்தனை விழுகிறது என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்க. 1970களின் செட்டுகளில் சிவப்பு குறைவாக இருக்கும். அணிப் படம், முன்னணி ஆட்டக்காரர் பட்டியல், இரண்டு மூன்று புதுமுகங்கள் சேர்ந்த கார்டு இவற்றை என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்க. 1968இன் 177ஆம் எண்ணில் நோலன் ரயனும் ஜெரி கூஸ்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். ஒருவர் போட்டால் போதுமா, இருவரும் வேண்டுமா? 1963இன் 537இல் பீட் ரோஸோடு சேர்த்து நான்கு தலை. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு.

கார்டின் அமைப்பும் முக்கியம். 1952, 1954, 1955, 1956, 1959, 1967, 1971, 1975 செட்டுகளில் ஆட்டக்காரரின் கையெழுத்தை அச்சிலேயே போட்டிருப்பார்கள். அதன்மேலோ பக்கத்திலோ நிஜக் கையெழுத்து விழுந்தால் இரண்டும் பின்னிக்கொண்டு கண்ணுக்கு ஒட்டாது. புதிதாக வருகிறவர்கள் அச்சையே நிஜம் என்று நம்பி ஏமாறுவதும் நடக்கிறது. அதே கார்டின் இன்னொரு பிரதியை இணையத்தில் பாருங்க; கோட்டுக்குக் கோடு ஒரே மாதிரி இருந்தால் அது அச்சு. 1953, 1957, 1965 மூன்றிலும் முன்பக்கத்தில் இந்தத் தொந்தரவு இல்லை.

அடிபட்ட கார்டு என்றால் எப்படி அடிபட்டது? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குவது. முகத்தின் குறுக்கே மடிப்பு விழுந்த கார்டு மலிவாகக் கிடைக்கும், வாங்காதீங்க. மடிப்பில் மேல்பூச்சு உடைந்து அட்டையின் நார் வெளியே தெரியும். மார்க்கர் மை அந்த நாரைத் தொட்டதும் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி மடிப்போடு ஓடி, எழுத்துக்கு மீசை முளைக்கும். தேடவேண்டியது முன்பக்கம் முழுசாக, பின்பக்கம் கெட்டுப்போன கார்டு: பழைய ஆல்பத்தில் ஒட்டிக் கிழித்து எடுத்தது, கார்டோடு ஒரே பொட்டலத்தில் வந்த சூயிங்கத்தின் கறை பட்டது, யாரோ ஒரு பையன் பின்னால் பேனாவில் கிறுக்கியது. விலை கீழே கிடக்கும், கையெழுத்து விழும் இடம் சுத்தமாக இருக்கும். முன்பக்கத்தில் பொட்டலத்தைச் சுற்றிய மெழுகுத் தாளின் கறை இருந்தால் மை அங்கே பிடிக்காமல் விட்டுவிட்டு விழும். நைலான் காலுறைத் துணியால் அழுத்தாமல் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பேனா: நீல நிற ஃபைன் பாயின்ட் ஷார்ப்பி மார்க்கர், புதியது. காய ஆரம்பித்த பேனா நடுவில் கோடு கோடாக வெளிறும். பால்பாயின்ட் பழைய அட்டையில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் உழுத சால் மாதிரி பள்ளம் விழும். ஜெல் பேனா பக்கமே போகவேண்டாம், விரல் பட்டாலே இழுபடும். போட்டவுடன் உறையில் செருகாமல் பத்து நிமிடம் திறந்து வையுங்க.

தபாலில் அனுப்புவது நம் ஊரிலிருந்து நேராக நடக்காது. பதில் உறையில் நம் தபால்தலை அங்கே செல்லாது. அங்கே இருக்கும் பிள்ளையின் முகவரியைப் பதில் முகவரியாகப் போட்டு, அங்கேயே வாங்கிய ஃபாரெவர் தபால்தலை ஒட்டிய உறையை உள்ளே வைப்பதுதான் வழி. கார்டு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எட்டுக் கார்டு அனுப்பினால் வியாபாரி என்று நினைத்துக் கிடப்பில் போட்டுவிடுவார்கள். மெல்லிய அட்டை இரண்டுக்கு நடுவே வையுங்க. வளையாத தடித்த அட்டை வைத்தால் தபால் இயந்திரத்தில் போகாது, கூடுதல் கட்டணம் கேட்கும். கடினமான பிளாஸ்டிக் உறையிலும் போடவேண்டாம். எண்பது வயதுப் பெரியவர் அதிலிருந்து கார்டை உருவிக்கொண்டிருக்கக் கூடாது. கடிதம் கைப்பட, ஒரு பக்கத்துக்குள். காணாமல் போனால் மனசு தாங்காத கார்டை அனுப்பவே கூடாது. திரும்பி வந்தாலும், வீட்டம்மா போட்டதாகவோ ரப்பர் முத்திரையாகவோ இருக்க வாய்ப்புண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

விலைக்கு வாங்கும்போது ஒரு எளிய சோதனை: ஷார்ப்பி சந்தைக்கு வந்தது 1964இல். அகானிஸ் கையெழுத்து ஷார்ப்பியில் இருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். மற்றதற்கு, கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் நிறுவனங்களின் சான்று இல்லாமல் பெரிய பேர் எதையும் வாங்கவேண்டாம். அமெரிக்கப் புலனாய்வுத் துறை 1990களில் ஆபரேஷன் புல்பென் என்று தனியாக ஒரு விசாரணையே நடத்தவேண்டி வந்த அளவுக்குப் போலிகள் ஓடிய சந்தை இது. விற்கிறவரே அச்சடித்துத் தருகிற 'உத்தரவாதப் பத்திரம்' சான்றில் சேராது.

வைக்கிற இடம் அட்டாலி கூடாது. சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே அட்டை வளைந்துவிடும். ஆடிக் காற்றில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஈரம் இன்னொரு பக்கம். பீரோவின் நடுத்தட்டு, ஒரு டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல்லோடு. ரச உருண்டை போடாதீங்க, சில வகைப் பிளாஸ்டிக்கை அதன் ஆவி இளக்கிவிடும். பழைய பி.வி.சி. ஆல்பத் தாள் நாளாக ஆகப் பிசுபிசுத்து மையை உரித்தெடுக்கும். பாலிபுரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்க. 1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டு 2⅝க்கு 3¾ அங்குலம், சாதாரண ஒன்பது பைத் தாளில் நுழையாது. எட்டுப் பைத் தாள் வேண்டும். 1955க்கு 26 தாள். 1957இலிருந்து 2½க்கு 3½, ஒன்பது பையே போதும்.

1973க்கு 74 தாள் ஆகும். எண் வரிசையில் அடுக்கினால் 50ஆம் எண் விழுவது ஆறாவது தாளின் நட்டநடுப் பையில். சுற்றிலும் மற்றவர்கள் கையெழுத்தோடு இருக்க, அங்கே கையெழுத்தில்லாத கிளமென்ட்டேவை வையுங்க. அந்த ஒன்றை மட்டும் நல்ல மூலையாகப் பார்த்து வாங்கலாம்.